வீட்டுவசதியும் வீட்டுக்கடனும் (நாஞ்சில் நாடு)

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களைச் சுட்டும் பழைய பெயர். இக்கட்டுரை கல்குளம், விளவங்கோடு பகுதிகளையும் சேர்த்து, இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் கருதுகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்நிலப்பகுதி திருவிதாங்கூரோடும், அதன் பின்வடிவமான திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. வீட்டுக்கடனுக்கு ஈடாக முதலில் சொந்த மண் வேண்டும். இங்கே அந்த மண் எவர் கைக்கு எப்போது வந்ததோ, அவர் வாசலுக்கே கடனும் பின்னால் வந்தது.

பழைய செய்திகளுக்கு முதன்மைச் சான்று அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்து ஓலைகள். இவற்றை வெளியுலகுக்குக் காட்டியவர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அண்மைக் காலத்தில் அ.கா. பெருமாள் பதிப்பித்தார். நிலம் ஒற்றி வைத்ததும், ஆட்களை அடிமையாக விற்றதும் ஒரே தோரணையில் எழுதப்பட்டுள்ளன. ஒற்றியில் பணம் கொடுத்தவர் நிலத்தை அனுபவிப்பார், விளைச்சலே வட்டி, முதலைத் திருப்பித் தரும் நாளில் நிலம் உடையவரிடம் மீளும். பேச்சில் இது ‘ஒத்தி’. நாகர்கோவில் தெருக்களில் ஒத்திக்கு வீடு பிடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. குடியேறுபவர் ஒரு மொத்தத் தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையின்றி இருப்பார். காலியாகும்போது அதே தொகையை வாங்கிக்கொள்வார். வங்கிக்குப் போகாமலே வீட்டுக்காரருக்குக் கடன், வந்தவருக்குக் கூரை. தென்கொரியாவின் ‘ஜொன்சே’ முறையும் ஏறக்குறைய இதுவே என்பது வியப்புக்குரியது.

கூரையிலும் அந்தஸ்து இருந்தது. கிழக்கே பனையோலை, மேற்கே தென்னையோலை என ஏழைகளின் புரைகள் வேயப்பட்டன. மழைக்கு முன் ஓலை மாற்றும் செலவு விடாமல் வந்துகொண்டிருந்தது. ஓடு வேய அரசின் அனுமதி வேண்டியிருந்தது. அதற்கு ‘அடியறை’ என்ற காணிக்கைப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நாடார் உள்ளிட்ட சாதியினர் மாடி எடுக்கக் கூடாது என்ற தடையும் இருந்தது. ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில் (1815–1829) ஓடு வேயும் உரிமை எல்லோருக்கும் கட்டணமின்றித் தரப்பட்டதாகத் திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஆணை பிறந்த வேகத்தில் ஊரில் ஓடு ஏறியதா என்பது ஐயத்துக்குரியது. ஓலைப்புரையிலிருந்து ஓட்டுவீடு, ஓட்டுவீட்டிலிருந்து மட்டுப்பா (மொட்டைமாடி) வீடு என்று ஒரு குடும்பத்தின் ஏற்றத்தை அளக்கும் பழக்கம் இங்கே நெடுநாள் இருந்தது.

கடன் வரலாற்றின் பெரிய திருப்பம் 1865 ஜூன் 2 (கொல்லம் ஆண்டு 1040, இடவம் 21) பாட்டப் பிரகடனம். ஆயில்யம் திருநாள் மன்னர்; திவான் டி. மாதவராவ். அதுவரை சர்க்கார் பாட்ட நிலத்தில் உழுதவர் அரசின் குத்தகைக்காரர் மட்டுமே. விற்கவோ ஈடு வைக்கவோ அவருக்கு உறுதியான உரிமை கிடையாது. பிரகடனத்துக்குப்பின், வரி கட்டும்வரை நிலம் அவருடையது: விற்கலாம், ஒற்றி வைக்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். இதைத் ‘திருவிதாங்கூர் குடியானவரின் மகாசாசனம்’ என்று போற்றுவோர் உளர். நிலம் ஏற்கெனவே கைவசம் இருந்தவர்க்கே பலன் சென்றது, 1855-இல் அடிமைத்தளை நீங்கியவர்க்கு ஒரு செண்டும் கிடைக்கவில்லை என்று குறைசொல்வோரும் உளர். இரண்டுக்கும் ஆதாரம் காட்ட முடியும். 1883-இல் தொடங்கி 1911 வரை நீண்ட நில அளவையும் தீர்வையும் ஒவ்வொரு துண்டுக்கும் எண்ணும் பெயரும் தந்தன. ஈட்டுக்கடன் கொடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெயர் கிடைத்தும் கை கட்டப்பட்டிருந்த ஒரு சமூகம் நாஞ்சில் நாட்டு வேளாளர். மருமக்கள்வழியில் சொத்து குடும்பத்துக்குப் பொது, ஆள்பவர் காரணவர், அவருக்குப் பின் வாரிசு மருமகன் (சகோதரியின் மகன்). மனைவி மக்களுக்கு ‘உகந்துடைமை’ என ஒரு பங்கு இருந்தது. அதை வாங்கவே வழக்குமன்றம் ஏற வேண்டியிருந்தது. இந்த அவலத்தைக் கவிமணி ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற அங்கதக் காவியமாக்கினார். பிரிக்க முடியாத சொத்தைத் தனி ஒருவர் ஈடுவைத்து வீடு கட்ட இயலாது. 1926-இல் (கொ.ஆ. 1101) நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் பாகப்பிரிவினைக்கு வழிவிட்டது. அதற்குப் பின்னரே தனிப் பத்திரம், தனி அடுக்களை, தனிக் கடன்.

வங்கிகள் வந்த வேகத்தில் ஒரு பெருவங்கி விழுந்தது. திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலோன் வங்கியும் 1937-இல் இணைந்தன. 1938 ஜூன் 21 அன்று இணைந்த வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தியது. காரணம் நிர்வாகக் கோளாறா, திவான் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகையா என்பது இன்றும் வாதத்துக்குரியது. மக்கள் சீட்டையே நம்பினர், அதை ஒழுங்குபடுத்த 1945-இல் (கொ.ஆ. 1120) திருவிதாங்கூர் சிட்டிகள் (சீட்டுகள்) சட்டம் வந்தது. வீட்டு அஸ்திவாரம் ஒரு சீட்டில், கூரை இன்னொரு சீட்டில் என்று கட்டிய குடும்பங்கள் பல.

மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு இணைந்தபின், 1964-இல் ரயத்துவாரித் தீர்வைச் சட்டமும், பத்மநாபசுவாமி கோயிலுக்குரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்களுக்கான ஒழிப்புச் சட்டமும் இயற்றப்பட்டன. பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கு 1971-இன் குடியிருப்புச் சட்டம் வீட்டடியைச் சொந்தமாக்கியது. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் (1961), ஹட்கோ (1970), கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள், தேசிய வீட்டுவசதி வங்கி (1988) ஆகியவை அடுத்தடுத்து வந்தன. வளைகுடாப் பணம் வந்த வீடுகள் பலவற்றுக்குக் கடன் வேண்டியிருக்கவில்லை.

கடற்கரையின் கதை வேறு. பல மீனவர்களுக்கு வீட்டடிக்குப் பட்டா இருக்கவில்லை. ஈடாக வைக்க இருந்தது நாளைய மீன்பாடு. முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைத் தர வேண்டியிருந்தது, அவர் சொன்னதே விலை. பெல்ஜியப் பாதிரியார் ஜேம்ஸ் தோம்பரின் பெயரோடு சேர்ந்த கோட்டாறு சமூக சேவைச் சங்கமும், பின்னர் மீனவர் கூட்டமைப்புகளும் பிடிக்கும் மீனிலிருந்தே கடன் தவணையும் சேமிப்பும் பிடித்தம் செய்யும் முறையைப் பரப்பின. ஆனால் அக்கடன் பெரும்பாலும் கட்டுமரத்துக்கும் வலைக்கும் உரியது, வீட்டுக்கன்று.

2004 டிசம்பர் 26 சுனாமியில் கொட்டில்பாடு, குளச்சல், மணக்குடி ஆகிய ஊர்கள் பெரிதும் சிதைந்தன; கீழமணக்குடி, மேலமணக்குடி ஊர்களை இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டது. மாவட்ட இறப்பு எண்ணிக்கை எண்ணூறை ஒட்டியது. அறிக்கைக்கு அறிக்கை மாறுகிறது. 2005 மார்ச் 30-இல் வெளியான வருவாய்த்துறை அரசாணை 172, தொண்டு நிறுவனங்கள் கட்டும் வீட்டுக்கு 300–325 சதுர அடி, சுமார் ஒன்றரை இலட்ச ரூபாய் என்று அளவு வகுத்தது. பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும் என்றது. உகந்துடைமைக்காக வழக்காடிய நாட்டில் மனைவி பெயர் பத்திரத்தில் முதலிலேயே ஏறியது குறிப்பிடத்தக்கது. புதுவீடு பெறுவோர் கரையோரப் பழைய மனையை அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. படகும் வலையும் கண்ணில் படாத தூரத்துக்குப் போக மறுத்தவர்களும் இருந்தனர்.

2010-இன் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் (75,000 ரூபாய்), 2011-இன் பசுமை வீடுகள் (300 சதுர அடி), 2015-இன் பிரதமர் வீட்டுவசதித் திட்டம், 2024-இன் கலைஞரின் கனவு இல்லம் (3.5 இலட்சம் ரூபாய்) ஆகியன அண்மை முயற்சிகள். பிரதமர் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் 6 இலட்சம் வரையான கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம் இருந்தது. இவற்றுள் பெரும்பாலானவை சொந்த மனை இருப்பவர்க்கே பயன்படும். 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர் என்ற அளவில் சென்னைக்கு அடுத்த நெருக்கமுள்ள மாவட்டம் இது. மனைக்காக வயல் நிரப்பப்படுவது ஓயாத பூசல். 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் தடைவிதித்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்கள் பலவற்றில் மனை பிரிக்க மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் தேவை.