"முதல்" என்று தொடங்கும் செய்திகள்

கடப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் புதுச்சேரி வண்டிக்குக் காத்திருந்தபோது, கடை கடையாக ஏறி இறங்கும் ஒரு திருநங்கை அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "வேலை ஏதும் தேடலையாக்கா?" என்று கேட்டது என் அறியாமை. "தேடாமயா தம்பி? ஒரு துணிக்கடைல ரெண்டு மாசம் புடவை மடிச்சேன். கஸ்டமர் ஒரு மாதிரி பாக்குறாங்கன்னு கணக்கை முடிச்சிட்டாங்க." அவர் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார். அந்தக் கூச்சத்தில்தான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

2008 ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு திருநங்கைகள் நல வாரியத்தை அமைத்தது. அது சும்மா வந்துவிடவில்லை. அதற்கு முன்பே ரேவதியின் 'உணர்வும் உருவமும்', லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' என்று அவர்களே எழுதத் தொடங்கியிருந்தார்கள். சங்கமாகக் கூடி மனு கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆனால் நல உதவி வேறு, வேலை வேறு இல்லையா?

சரியாக ஆறு வருடம் கழித்து, 2014 ஏப்ரல் 15 அன்று, உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. ஊரே கொண்டாடிய தீர்ப்பு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு இரண்டே நாள் கழித்து சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒன்று. பெண் காவலராகத் தேர்வானவர் ஒருவர். மருத்துவப் பரிசோதனை அவரைத் திருநங்கை என்று சொல்ல, கரூர் மாவட்டக் காவல்துறை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. அவரோ பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவர். நீதிபதி எஸ். நாகமுத்து அந்த உத்தரவை ரத்து செய்தார். யாருடைய வேலையையும் ஒரு மருத்துவச் சீட்டால் பறிக்கலாம் என்ற நிலைமை அன்றைக்குத்தான் கொஞ்சம் ஆடியது.

அடுத்த வருடம் பிரித்திகா யாஷினி. எஸ்.ஐ. தேர்வு விண்ணப்பத்தில் ஆண், பெண் தவிர வேறு கட்டம் இல்லை, விண்ணப்பமே நிராகரிக்கப்பட்டது. எழுத்துத் தேர்வுக்கு ஒரு வழக்கு, கட்-ஆஃபுக்கு ஒரு வழக்கு, ஓட்டத்தில் ஒரு விநாடி பிந்தியதற்கு இன்னொன்று. 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவரைப் பணியில் சேர்க்கச் சொன்னது. நம்ம பக்கத்து வண்டலூர் போலீஸ் அகாடமியில் பயிற்சி, 2017-இல் தர்மபுரியில் பணி. "இந்தியாவின் முதல் திருநங்கை எஸ்.ஐ." என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது.

இந்த "முதல்" என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. 2018-இல் சத்யஸ்ரீ ஷர்மிளா முதல் வழக்கறிஞர். ஒவ்வொருவரும் தனியாக முட்டி மோதி ஒரு கதவைத் திறக்கிறார். பின்னாடி வருகிறவருக்கு அது மறுபடியும் சாத்தியிருக்கிறது. இன்ஜினியரிங் படித்த ஷானவி பொன்னுசாமி ஏர் இந்தியா விமானப் பணிப்பெண் வேலைக்கு நான்கு முறை முயன்று, 2017-இல் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு இழுத்தது. 2018-இல் கருணைக்கொலை கேட்டுக் குடியரசுத் தலைவருக்கே கடிதம் எழுதினார்.

2019 சட்டத்தின் 9-ஆவது பிரிவு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. ஆனால் தண்டனை சொல்லும் 18-ஆவது பிரிவில் வேலை மறுப்பது இல்லை! வேலைக்கு எடுக்காத முதலாளியை அந்தச் சட்டம் ஒன்றும் செய்யாது.

அதனால்தான் கிரேஸ் பானு போன்றவர்கள் கேட்பது தனி ஆளுக்கான வேலை அல்ல, கிடைமட்ட இடஒதுக்கீடு. 2015-இல் தமிழக அரசு திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தலித் திருநங்கை என்ன செய்வார்? சாதியை விடுவதா, பாலினத்தை விடுவதா? பெண்களுக்கு இருப்பதுபோல ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளும் ஒரு பங்கு கொடுங்கள் என்பது கோரிக்கை. தெருவில் பல வருடம் கத்திய பிறகு, 2024 ஜூனில் உயர் நீதிமன்றமும் அப்படித்தான் கொடுக்கச் சொன்னது. கர்நாடகம் ஒரு சதவீதத்தை 2021-லேயே கொடுத்துவிட்டது.

அந்த அக்காவை மறுபடி பார்த்தபோது 11-ஆவது பிரிவைச் சொன்னேன். ஒவ்வொரு நிறுவனத்திலும் புகார் வாங்க ஒரு அதிகாரி இருக்கணும்.

"துணிக்கடைலயுமா?"

"சட்டப்படி ஆமாக்கா."

"சரி, அவரு பேரு என்ன?"