எதுகை

செய்யுளின் அடிகளிலோ சீர்களிலோ முதலெழுத்து மாத்திரை அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றிவருவது எதுகை. பந்தல், சந்தம் இரண்டும் எதுகை. காந்தள் இவற்றோடு சேராது, முதலெழுத்து நெடில். ஆங்கிலப் பாட்டு அடியின் கடைசியில் தேடும் ஒலி ஒப்புமையைத் தமிழ் தலையிலேயே வைத்துக்கொண்டது. மொழியின் அமைப்பே இதற்குக் காரணமாகலாம். வந்தான், சென்றான், தின்றான் என்று விகுதிகள் தாமே ஒத்துப்போகும் மொழியில் கடைசி ஒலியைப் பொருத்துவது பெரிய வித்தையல்ல. தெலுங்கும் கன்னடமும் இரண்டாம் எழுத்து ஒப்புமையைப் பிராசம் என்று போற்றுகின்றன. வடமொழி யாப்பு அதைக் கட்டாயமாக்கவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு ஆகிய தொடைகளுக்கு இலக்கணம் சொல்கிறது. ஆயினும் சங்க அகவற்பாக்களில் எதுகை வந்தால் அழகு, வராவிட்டால் குறையில்லை. எந்தத் தொடையும் அமையாததற்கும் செந்தொடை என்று ஒரு பெயர் சூட்டிவிட்டார்கள். வெண்பாவில் பிடி இறுகியது; விருத்தத்தில் நான்கடிக்கும் ஒரே எதுகை என்பது விதியாயிற்று. சீவக சிந்தாமணியும் கம்பராமாயணமும் ஆயிரக்கணக்கான பாடல்களில் இந்த விதியைச் சுமந்தும் கதையோட்டம் தடைபடாமல் செல்வது வியப்புத்தான். அமிதசாகரரின் யாப்பருங்கலக் காரிகை வழியில் தொடைகள் 43 என எண்ணப்பட்டன. இடையே ய், ர், ல், ழ் ஒற்றுகளில் ஒன்று புகுந்தாலும் ஏற்கும் ஆசிடை எதுகை (காத்தான், பார்த்தான்) புலவருக்குக் கிடைத்த சலுகை.

அடியிறுதி ஒப்புமையான இயைபு, காப்பியங்களில் பெறாத செல்வாக்கைக் கும்மியிலும் சிந்திலும் பெற்றது. கைதட்டி ஆடுவோருக்கு அடி முடியும் இடம் காதில் விழ வேண்டும். பாரதி இந்தச் சிந்து மெட்டுகளை விரும்பி எடுத்தாண்டார். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வளர்த்த புதுக்கவிதை எதுகை, இயைபு இரண்டையும் உதறியது.

உதறப்பட்டவை திரைப்பாட்டில் நிலைத்தன. அங்கே பெரும்பாலும் மெட்டு முதலில் வரும். சொல் அதற்குள் உட்கார வேண்டும். சரணத்தின் கடைசி அடி பல்லவியின் ஒலிக்கு இசைந்தால் பாடகர் இடறாமல் பல்லவிக்குத் திரும்பலாம். இலக்கணப்படி இது இயைபு. பேச்சில் எல்லாமே ‘எதுகை மோனை’தான். மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ (2006) தொகுப்புக்குப் பின் பரவிய தமிழ் ராப்பில் ஒப்புமை அடியின் நடுவிலும் கடைசியிலும் அடுக்கடுக்காக விழுகிறது.