மண்ணின் மரங்களும் மாணவர் தொண்டும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் பெருவழியில் களியக்காவிளையைத் தாண்டியதும் கேரளம் தொடங்குகிறது. அவ்வெல்லைக்கு அப்பால் உள்ளவை பாறசாலை, குளத்தூர், நெய்யாற்றின்கரை முதலிய ஊர்கள். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. நிலம் பிரிந்ததேயன்றி மரங்களின் பெயர்கள் பிரியவில்லை. நமது புன்னை அங்கே புன்ன, கொன்றை கொன்ன, பலா பிலாவு, தும்பை தும்ப. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் ஆராய்ச்சி ராக்கெட் விண்ணில் பாய்ந்த தும்பா என்னும் கடற்கரையூரின் பெயரிலும் அச்சிறு செடியே நிற்கிறது.

இப்பகுதியில் மரத்தைப் போற்றும் வழக்கம் பழமையானது. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பலாமரத்தைப் பேணி வருகின்றனர். 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மர், அரியணை ஏறுமுன் பகைவர் துரத்த, இம்மரத்தின் பொந்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. மன்னரைக் காத்த மரம் ஒன்று. மக்கள் காத்த மரங்களோ பல. நாகர்க்குரிய காவுகளில் கத்தி படாமல் வளர்ந்த மரஞ்செடிகளை அவர்கள் அச்சத்தாலும் பக்தியாலும் காத்தனர். காவு என்பது நம் இலக்கியங்களில் சோலையைக் குறிக்கும் 'கா' என்னும் சொல்லின் உறவே.

விடுதலைக்குப்பின் மரம் நடுதல் நாட்டுப்பணி ஆயிற்று. 1950ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்நாளைய மத்திய உணவு வேளாண்மை அமைச்சர் கே. எம். முன்ஷி 'வனமகோத்சவம்' என்னும் விழாவைத் தொடங்கி வைத்தார். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் உருவாயிற்று. மாணவர் சிற்றூர்களில் முகாமிட்டு மரக்கன்று நடுவது அன்று முதல் பழகிய காட்சி. ஆனால், எந்த மரம் என்ற வினா நெடுங்காலம் வலுவாக எழவில்லை. விரைவில் வளர்வன என்பதற்காக யூக்கலிப்டசும் அக்கேசியாவும் ஏராளமாக நடப்பட்டன. அவை நிழலும் விறகும் தந்தன. ஆயினும் நம் புள்ளினத்துக்கும் பூச்சியினத்துக்கும் பழகிய உணவைத் தரவில்லை. சரக்கொன்றையின் தளிரை உண்ணும் புழுவே எலுமிச்சை நிற வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கிறது. கொன்றை இல்லாத ஊரில் அதன் புழுவுக்கு இரை ஏது?

கல்லூரி ஒன்று தன் நிலத்தை எவ்வாறு பேணலாம் என்பதற்குத் தாம்பரம் நல்ல சான்று. 1837இல் தோன்றிய சென்னைக் கிறித்துவக் கல்லூரி, நூறாண்டு கழித்து 1937இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துப் புதர்க்காட்டு நிலத்துக்கு இடம் பெயர்ந்தது. அங்கே வேதியியல் கற்பித்த எட்வர்டு பார்ன்ஸ் என்னும் பேராசிரியர் செடிகொடிகளையும் ஆழ்ந்து ஆராய்ந்தவர். அவரும் அவர் துணைவியார் ஆலிஸ் அம்மையாரும் வளாகத்தில் மரங்களை நட்டு வளர்ப்பதில் முன்னின்றனர். 1941இல் அவர் மறைந்தார். எனினும், கட்டடங்களுக்கு வேண்டிய இடம் போக எஞ்சிய புதர்க்காட்டை அழிக்காமல் விட்டமையால், சுற்றிலும் நகரம் பெருகிய பின்னும் அவ்வளாகத்தில் புள்ளிமான் உலவுகிறது. நடுவதைப் போலவே வெட்டாமல் விடுவதும் தொண்டுதான்.

கேரளத்தில் 2019இல் 'பச்சைத்துருத்து' என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. பசுந்தீவு என்பது அதன் பொருள். பொது இடங்களிலும் கல்வி நிலையங்களிலும் கிடைக்கும் சிறு நிலத்துண்டுகளில் அம்மண்ணுக்குரிய மரஞ்செடிகளை வளர்ப்பது அதன் நோக்கம். குளத்தூர் போன்ற ஊர்களுக்கு இது ஏற்ற வழி. ஆனால் இதில் ஓர் இடர் உண்டு. மாணவன் கல்லூரியில் இருப்பது மூன்று ஆண்டு. மரம் தன் காலில் நிற்க அதனினும் கூடுதலான காலம் வேண்டும். கோடையில் கன்று வாடும்போது கல்லூரிக்கு விடுமுறை! ஆகவே ஊரார் துணையின்றி மாணவர் தொண்டு நிலைக்காது. நாவல், பலா ஆகியவற்றின் விதை உலர்ந்தால் முளைக்காது என்பதையும், புன்னைக் கொட்டையின் ஓட்டை உடைத்து விதைத்தால் விரைவில் முளைக்கும் என்பதையும் ஊர்ப் பெரியோர் அறிவர். அவர்கள் அனுபவமும் மாணவரின் உழைப்பும் கூடினால்தான் கன்று மரமாகும்.

பிறமாநிலங்களில் வாழும் நம்மனோர்க்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மண்ணுக்குரிய செடி என்றதும் வெளியிலிருந்து வந்தது யாவும் ஆகாது என்று எண்ணுதல் தவறு. எல்லைப்புறத்து ஏழையின் பசி தீர்க்கும் மரச்சீனிக் கிழங்கு தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனைத் திருவிதாங்கூரில் பரப்பினார். அயலிலிருந்து வந்தும் அது பிறவற்றின் இடத்தைப் பறிக்காமல் பயன் தந்தது. தாவரத்தை அளக்கும் கோல் அதுவே. குடிபெயர்ந்து வாழும் நமக்கும் அந்த அளவுகோல் பொருந்தும்.

வடநாட்டில் வாழ்வோர் மாசித் திங்களில் செந்நெருப்புப்போல் பூத்து நிற்கும் பலாஷ் மரத்தைக் கண்டிருப்பீர்கள். அது நம் புரசு மரமே. சென்னைப் புரசைவாக்கம் பெயர் பெற்றது அதனால்தான். நீம் நம் வேம்பு. பீப்பல் நம் அரசு. இவற்றை உங்கள் குழந்தைகளுக்கு இரு மொழியிலும் சொல்லிக் கொடுங்கள். வாழும் ஊரின் கல்லூரியில் மாணவர் கன்று நடுகையில், விடுமுறை நாட்களில் ஒரு குடம் நீர் ஊற்றும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த மரம் உங்களுக்கும் உரியதாகும்.