கலைச்செல்வமும் காக்கும் பொருளும்

ஓர் ஊரின் செல்வம் யாதென வினவின், நிலம் என்பார் சிலர். நீர் என்பார் சிலர். தொழிற்சாலை என்பார் சிலர். இவை யாவும் செல்வமே; மறுப்பார் இலர். ஆயினும், நேற்று வாழ்ந்தார் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நாளை பிறப்பார்க்கு உணர்த்த வல்ல பொருள்களும் செல்வமே என எண்ணுவார் மிகச் சிலரே. விற்ற நிலத்தை மீண்டும் வாங்குதல் கூடும். பாட்டனார் கைப்பட எழுதிய ஏட்டுச்சுவடியைப் பழைய பொருட்கடையில் நிறுத்துக் கொடுத்துவிட்டால், அதனை மீண்டும் பெறுதல் யாங்ஙனம்? இவ்வினாவை நம் சங்கத்து அன்பர்கள் முன்னும் அவர்தம் குடும்பத்தார் முன்னும் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம்மவர் பெரும்பாலார் வாழும் அம்பத்தூரும் ஆவடியும் பூவிருந்தவல்லியும் எழுபது எண்பது ஆண்டுகளுக்குள் முற்றிலும் உருமாறிய ஊர்கள். 1949இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1955இல் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியாயிற்று. இம்மாறுதலால் நம் பிள்ளைகள் கல்வியும் தொழிலும் பெற்றனர். அதனை யாம் குறைகூறவில்லை. ஆனால், திண்ணையும் முற்றமும் உடைய வீடு இடிந்து அடுக்குமாடி எழும்போது, அவ்வீட்டின் பரணில் இருந்தவை எங்கே சென்றன என்று கேட்பார் இல்லாமையே எமக்கு வருத்தம் தருவது.

"இவை ஏரிக்கரைச் சிற்றூர்கள்தாமே, இங்கே காக்கத்தக்க பழமை யாது உளது?" என்று நம் இளைஞர் சிலர் கேட்பதுண்டு. அவர்க்கு வரலாறே விடை கூறும். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் பூட் பல்லாவரத்தில் பழைய கற்காலத்துக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்திய நாட்டின் கற்கால ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம். அவ்வாண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பாரும் நம் திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கத்தில், கொற்றலையாற்றின் அருகே, அத்தகைய கருவிகளைப் பெருந்தொகையாகக் கண்டனர். 1999 முதல் அங்கே அகழாய்வு நடத்திய சாந்தி பப்பு அம்மையாரும் குழுவினரும், அக்கோடரிகளுள் பழையன ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகட்கு முற்பட்டவை என 2011இல் வெளியிட்டனர். அவற்றினும் நுட்பமான கருவி செய்யும் முறை அவ்விடத்தில் 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தோன்றியது என 2018இல் வெளியிட்டனர். நாம் பேருந்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடையக்கூடிய ஆற்றங்கரை ஒன்று, மனிதகுலத்தின் வரலாற்றையே திருத்தி எழுதச் செய்தது என்பதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்?

மற்றுமொரு சான்று. ஆவடியைக் கடந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காடு உளது. காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடிக்கீழ் அமர்ந்த தலம் அது. அங்கே கிடைத்த நடராசர் திருவுருவம் இன்று எழும்பூர் அரசினர் காட்சிச்சாலையில் உளது. பிரான்சு நாட்டுச் சிற்பி ரோடின், சென்னையிலுள்ள நடராசர் திருவுருவங்களின் நிழற்படங்களைக் கண்டு வியந்து, 1913இல் ஒரு கட்டுரை வரைந்தார். 1921இல் அது நூலாக வெளிவந்தது. அதே திருவாலங்காட்டில் 1905இல் 31 செப்பேடுகள் வெளிப்பட்டன. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரை அக்கோயிலுக்கு அளித்த கொடையைக் கூறுபவை அவை. சோழர் குலவரலாறு எழுதுவார் எவரும் அவற்றைத் தொடாமல் எழுத இயலாது. ஏடு உருகிப் பாத்திரமாயிருப்பின் அவ்வரலாறு என்னாகியிருக்கும்?

இப்பொருள்களைக் காத்த காட்சிச்சாலையின் கதையும் அறியத்தக்கது. சென்னை இலக்கியச் சங்கத்தார் 1846இல் இங்கு ஒரு காட்சிச்சாலை வேண்டுமென அரசினர்க்குத் தெரிவித்துத் தம்மிடமிருந்த நிலவியற் பொருள்களைத் தர முன்வந்தனர். 1851இல் மருத்துவர் எட்வர்ட் பால்பர் பொறுப்பில், ஏறத்தாழ 1,100 நிலவியற் பொருள்களோடு, கல்லூரிச் சாலையிலிருந்த கட்டடத்தில் அது தொடங்கிற்று. 1854இல் எழும்பூருக்கு மாறிற்று. மக்களை ஈர்க்க வேண்டி பால்பர் உயிருள்ள விலங்குகளையும் அங்கே வைத்தார்; அதிலிருந்தே பின்னர் விலங்குக் காட்சிச்சாலை தோன்றியது. நம் பாட்டிமார் காணும் பொங்கலன்று 'செத்த காலேஜும் உயிர் காலேஜும்' பார்த்து வந்த கதையைக் கூறுவார்களே, அவ்விரு பெயர்களும் அப்பழைய உறவைச் சுட்டுவன. ஈண்டுக் கவனிக்க வேண்டியது ஒன்று. காட்சிச்சாலையை நடத்தியது அரசாங்கம்; ஆயினும் வேண்டுமென்று கேட்டதும் முதற்பொருள் கொடுத்ததும் ஒரு சங்கம்.

எழும்பூருக்குச் சென்றது இழப்பன்று, காப்பே. எனினும், பிறந்த மண்ணிலேயே பொருளைக் காட்டுதலில் தனிச்சிறப்பு உண்டு. அதனை உணர்ந்தே தமிழகத் தொல்பொருள் துறையினர் 1985இல் பூண்டியில் கற்காலக் கருவிகளுக்கென ஒரு காட்சிச்சாலை நிறுவினர். சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் அரசு 18 கோடி ரூபாய்க்கு மேற் செலவிட்டுக் கட்டிய காட்சிச்சாலை 2023இல் திறக்கப்பட்டது. தம் ஊரில் தோண்டிய பானையைத் தம் ஊரிலேயே காணும் சிறுவன் பெறும் உணர்ச்சி வேறு. பேருந்தேறிப் போய்க் காண்பவன் பெறும் உணர்ச்சி வேறு.

இனி, அரசாங்கம் எல்லாவற்றையும் காக்குமா? காக்க இயலாது. செப்பேடும் செப்புத் திருமேனியும் எழும்பூர் செல்லும். மரக்கால், படி, ஏற்றச்சால், கலப்பை, ஆட்டுக்கல், நிலப் பத்திரம், சாதகக் கட்டு, திருமண அழைப்பிதழ், முதன்முதல் எடுத்த குடும்ப நிழற்படம் ஆகியவற்றை எந்த அரசு வந்து கேட்கும்? நம் தொண்டைநாட்டுத் தெருக்கூத்தர் கலியாண முருங்கை மரத்திற் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்து அணியும் கிரீடமும் புஜகீர்த்தியும் யார் வீட்டுக் கூரையில் செல்லரிக்கின்றன? அவற்றைச் செய்யும் கைத்திறமும், அணிந்தாடும் அடவும், பாடும் பாட்டும் கண்ணாடிப் பெட்டியுள் அடங்குவன அல்ல. ஆடுவார்க்கு ஆட்டமும் ஊதியமும் கிடைத்தாலன்றி அவை வாழா. ஆதலின், பொருளைக் காத்தலும் கலைஞரைக் காத்தலும் ஒரே கடமையின் இரு பகுதிகள் என்க.

இதற்கு வேண்டும் பணத்திற்கு வழி யாது? புதுவழி தேட வேண்டுவதில்லை. நம் முன்னோர் கண்ட வழிகள் கல்லிலேயே உள. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள திருமுல்லைவாயில் முதலாகத் தொண்டைநாட்டுப் பழங்கோயில்களிற் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பல உள. அக்காலத்தில் கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பது வழக்கம். ஆடுகளைப் பெற்ற இடையர் நாள்தோறும் அளவிட்ட நெய் தருவர். ஆடு இறப்பினும் மூப்பினும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாது காக்கப்பட வேண்டும். ஆதலின் அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றனர். முதல் கெடாமல் வருவாய் மட்டும் செலவாகும் இந்த ஏற்பாட்டினும் சிறந்த அறக்கட்டளை முறையை இன்றைய கணக்கரும் காட்டார். அதனைக் கல்லில் வெட்டி ஊரறிய வைத்தமை மற்றொரு சிறப்பு.

இரண்டாவது வழி தலைக்கட்டு வரி. திரௌபதியம்மன் கோயிலில் காப்புக் கட்டிப் பாரதம் படித்துக் கூத்து விட்டுப் படுகளமும் தீமிதியும் நடத்தும் செலவை, ஊரிலுள்ள குடும்பந்தோறும் ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவு எனப் பிரித்து ஈடுசெய்தனர். செல்வர் ஒருவர் கொடுத்தால் அது அவர் விழா. தலைக்கட்டு யாவும் கொடுத்தால் அது ஊர் விழா. கொடுத்தவன் கூத்து மேடைக்கு முன் உரிமையோடு அமர்வான். நன்றாக இல்லையெனில் குறையும் கூறுவான். கலை வளர்ந்தது அவ்வுரிமையினாலன்றோ?

பொருளீட்டும் வகை குறித்து நம் பகுதி அடியார் மூவர் வரலாறுகள் ஈண்டு நினைவுக்கு வருகின்றன. திருவேற்காட்டு மூர்க்க நாயனார் தம் உடைமை எல்லாம் அடியார்க்கு அமுதளித்துத் தீர்த்தபின், சூதாடி வென்ற பொருளால் அத்தொண்டைத் தொடர்ந்தார். திருநின்றவூர்ப் பூசலார் கோயில் கட்டப் பொருள் தேடி எங்கும் பெறாராய், உள்ளத்திலேயே அடித்தளம் முதல் கலசம் வரை எழுப்பினார். காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னனும் அவரை வந்து வணங்கினான். பூவிருந்தவல்லித் திருக்கச்சி நம்பியோ தாம் வளர்த்த நந்தவனத்து மலர்களைக் கச்சி வரதருக்குச் சாத்தி, ஆலவட்டம் வீசும் தொண்டில் வாழ்நாளைக் கழித்தார்.

சூதுப் பணத்தால் கலை வளர்ப்பது மேல்நாட்டார்க்கும் புதிதன்று. ஹான்ஸ் ஸ்லோன் என்னும் மருத்துவர் சேர்த்து வைத்த பொருள்களை வாங்கி இலண்டன் மாநகரில் பிரிட்டிஷ் காட்சிச்சாலையை நிறுவ, 1753இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் குலுக்குச்சீட்டு நடத்த இசைந்தது. 3 பவுன் விலையில் 1,00,000 சீட்டுகள் வெளியிடப்பட்டன. இன்றும் அந்நாட்டில் 1994 முதல் நடைபெறும் தேசியக் குலுக்குச்சீட்டின் வருவாயில் ஒரு பகுதி கலைகளுக்கும் பழம்பொருட் காப்புக்கும் செல்கின்றது. தமிழகத்திலோ 1968இல் தொடங்கிய அரசுப் பரிசுச்சீட்டு, ஏழைக் குடும்பங்கள் பல அழிவது கண்டு 2003இல் நிறுத்தப்பட்டது. நாயனார்க்கு அமைந்த திருவருள் எல்லார்க்கும் அமையாது. அவ்வழி நமக்கு வேண்டா.

பூசலார் வழி உயர்ந்ததே. ஆனால், மனத்திற் கட்டிய கோயிலில் இறைவன் எழுந்தருள்வான்; மனத்திற் கட்டிய காட்சிச்சாலையில் நம் பேரன் சென்று எதனைக் காண்பான்? ஆண்டுவிழா மேடைகளில் நாம் பேசும் பழம்பெருமை யாவும் மனக்கோயிலாகவே நின்றுவிட்டன. எஞ்சியிருப்பது நம்பியின் வழி: சிறிதாயினும் தம் உழைப்பால் ஆனது, தவறாது செய்வது. அதுவே நமக்கு ஏற்றதென்பது எம் துணிபு.

ஆதலின் நம் சங்கத்தார் சிந்தனைக்குச் சிலவற்றை வைக்கின்றோம். முதலாவது, கட்டடம் வேண்டா, பட்டியல் வேண்டும். ஒவ்வோர் இல்லத்திலும் உள்ள பழம்பொருள் யாது, யாருடையது, எதற்குப் பயன்பட்டது என இளைஞர் எழுதுக. கைப்பேசியாற் படம் எடுக்க. பொருளின் பயனைப் பெரும்பாலும் நம் மூதாட்டியரே அறிவர்; அவர் குரலையும் தாலாட்டையும் பதிவு செய்க. எழுதப்படாத பொருள் காட்சிச்சாலை சென்றாலும் ஊமையே. இரண்டாவது, சங்கத்துக்குரிய இடத்தில் ஓர் அறை இதற்கென ஒதுக்குக. மூன்றாவது, தலைக்கட்டு முறையில் நிதி சேர்க்க. இருநூறு குடும்பங்கள் மாதம் 50 ரூபாய் அளித்தால் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் ஆகும். அதில் ஒரு பாதியை வங்கியில் சாவா மூவா முதலாக வைத்து, மறுபாதியால் அறையையும் ஆண்டுக்கு ஒரு கூத்தையும் நடத்தலாம். கூத்தர்க்குப் பேசிய ஊதியத்தை ஆட்டம் முடிந்த விடியலிலேயே கொடுத்துவிடுதல் வேண்டும், பொன்னாடை ஊதியமாகாது.

நான்காவது, கணக்கு. 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியார் அறத்திற்கென விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் நெடுங்காலம் வழக்கிற் சிக்கி, 1842இலேயே பள்ளியாக மலர்ந்தது. உயில் ஒன்று எழுத்தில் இருந்தமையாலன்றோ அதுவும் கைகூடிற்று? நம் நிதியின் வரவுசெலவு ஆண்டுதோறும் இவ்விதழில் அச்சேறுக. கல்வெட்டு வெட்டிய முன்னோர்க்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.

இறுதியாக ஒன்று கூற அஞ்சோம். நம் குலத்துப் பெருமையை மட்டும் காட்டும் அறை காட்சிச்சாலை ஆகாது; அது முகம் பார்க்கும் கண்ணாடியே ஆகும். நம் முன்னோர் உழுத கலப்பையைச் செய்தவர் தச்சர். கொழு அடித்தவர் கொல்லர். பொங்கற்பானை வனைந்தவர் குயவர். விழாவுக்குப் பறை முழக்கியவரைச் சேரியில் நிறுத்தி வைத்ததும் அக்காலமே. பெருமையோடு அச்சிறுமையும் எழுதப்படல் வேண்டும். அவர் பெயர்களும் அவர் கூறும் வரலாறும் இல்லாத பட்டியல் பாதிப் பட்டியல். அவ்வறையின் கதவு எல்லார்க்கும் திறந்திருக்குமாயின், அது நம் சங்கத்தின் அறை என்னும் நிலை கடந்து ஊரின் அறையாகும். ஊரார் தமதென எண்ணும் பொருளே நிலைக்கும்.

இவ்வாண்டுப் பொதுக்கூட்டத்தில் அன்பர்கள் இதனை எடுத்துப் பேசித் தீர்மானிப்பாராக. அதுவரை, வீடு இடிக்க நாள் குறித்துள்ள அன்பர்கள், முதற் கடப்பாரை விழுமுன் பரணை ஒருமுறை பார்த்துவிடும்படி வேண்டிக்கொள்கின்றோம்.