மலாக்கா மாநிலக் காற்பந்தும் தமிழரும்

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், நெகிரி செம்பிலானுக்கும் ஜொகூருக்கும் இடையில் அமைந்த சிறு மாநிலம் மலாக்கா. மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் என மூன்றே மாவட்டங்கள். இதன் காற்பந்துச் சங்கம் 1924-இல் தோன்றியது; கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ நாளிதழ் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நூறு ஆண்டுகளில் மலாக்கா அணி மலேசியக் கிண்ணத்தை ஒருமுறைகூட வென்றதில்லை. ஆனாலும் தனக்கென ஒரு முகத்தை அது இழக்கவில்லை. அந்த முகம் எதனால் ஆனது, வெல்லும் வலு ஏன் நிலைக்கவில்லை, இவ்விரண்டுக்கும் நடுவே தோட்டத் தமிழர் எங்கே இருந்தனர் என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் இம்மாநிலக் காற்பந்தின் வரலாறு பிடிபடும்.

தோட்டத் திடல்

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராகத் தொடக்கத்திலேயே நட்ட இடங்களுள் மலாக்காவும் ஒன்று. புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சே யான் என்ற பெரானாக்கான் சீனர் நாற்பது ஏக்கருக்குச் சற்று மேல் நட்டுப் பார்த்தார். கன்று பிழைத்தது. அடுத்து ஜாசின் பக்கம் புக்கிட் அசஹானில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தோட்டம் எழுந்தது. மரம் வந்தால் ஆள் வேண்டும். ஆளைக் கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூட்டி வந்தனர். அசஹான், தெபோங், காடேக், கெமுனிங், ஜாசின் லாலாங், டைமண்ட் ஜூபிலி என்று மாநிலத்தின் உட்பகுதியெங்கும் லயங்கள் நீண்டன.

தோட்டத்துக் காற்பந்து அந்தத் தோட்டத்தின் நாள்முறைக்குள் பிறந்தது. விடியுமுன் பெரட்டு, பிறகு மரம் வெட்டு, வெயில் ஏறியதும் பால் எடுத்து நிறுவைக்குக் கொண்டுபோதல். பிற்பகலில் வேலை ஓய்ந்துவிடும். மாலையில் ஆண்களுக்கு மிஞ்சியவை கோயில், கள்ளுக்கடை, திடல். நிர்வாகமும் திடலை விரும்பியது. கள்ளுக்கடையில் கூடும் கூட்டத்தைவிடப் பந்தின் பின்னால் ஓடும் கூட்டம் துரைக்குத் தொல்லை குறைந்தது. பக்கத்துத் தோட்டத்துத் துரையோடு பேசும்போது பெருமைக்கும் உதவியது. கிராணியோ தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ அணியை நடத்துவார். ஆட்டத்தன்று லாரியில் ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவார்கள்.

இந்த அணிகளின் அடையாளத்தை யாரும் உட்கார்ந்து வடிவமைக்கவில்லை. ஒரே லயத்தில் குடியிருப்பவர்கள், ஒரே கங்காணியின் கீழ் வெட்டுபவர்கள், ஒரே மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர்கள் சேர்ந்து ஆடினால் அது தானாகவே ஓர் அணி. பந்தைக் காலில் வாங்குபவனையும் கோட்டுக்கு வெளியே நின்று கத்துபவனையும் பிரிப்பது சட்டை மட்டுமே. பிற்காலத் தொழில்முறைக் கழகங்கள் சின்னமும் வண்ணமும் முழக்கமும் போட்டு உருவாக்கப் பார்க்கும் ஒட்டுறவு அங்கே கேட்காமலே கிடைத்தது. குறை வேறு இடத்தில் இருந்தது. தோட்டத்து அணிக்குத் தோட்டத்தைத் தாண்டி வழியில்லை.

அதற்குக் காரணம் திறமைக் குறைவல்ல, பள்ளிக்கூடம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படிப்பு தொடக்கநிலையோடு முடிந்தது. மாநில அணிக்கான ஆட்டக்காரர்களோ நகரத்தின் ஆங்கிலப் பள்ளிகளிலும் அரசுத் துறைகளிலும் கண்டெடுக்கப்பட்டனர். 1826-இல் தோன்றிய மலாக்கா உயர்நிலைப் பள்ளியும், 1880-இல் தோன்றிய செயின்ட் பிரான்சிஸ் பள்ளியும் பந்தாட்டத்தைப் பாடத்துக்குச் சமமாக வளர்த்தவை. அங்கே இடம் கிடைத்த நகரத் தமிழர், அதாவது எழுத்தர், ரயில்வே ஊழியர், ஆசிரியர் ஆகியோரின் பிள்ளைகள், ஒரு படி ஏறினர். அசஹான் பையன் அதே வேகத்தில் ஓடினாலும் அவனைப் பார்க்க ஆள் வரவில்லை. மலாயாவின் நகரங்களில் அக்காலக் காற்பந்து இனவாரிக் கழகங்களாகவும் பிரிந்து கிடந்தது: மலாய்க்காரருக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று, யுரேசியருக்கு ஒன்று. இனம் கழகத்தைத் தீர்மானித்தது, படிப்பு வாய்ப்பைத் தீர்மானித்தது.

நாட்டளவில் தமிழர் பெயர்கள் அப்படியும் எழுந்து வந்தன. எழுபதுகளில் தேசிய அணியின் தற்காப்பில் எம். சந்திரன். நீண்ட கைகளால் ‘ஸ்பைடர்மேன்’ என்று பெயர் வாங்கிய கோல்காவலர் ஆர். ஆறுமுகம். 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியின் கோல்கம்பத்தில் நின்றவர் ஆறுமுகம். ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். 2016-இல் வந்த ‘ஓலா போலா’ படத்தின் கோல்காவலன் முத்து அவரை நினைவூட்டும் பாத்திரம்.

அந்த 1980 அணியின் தலைவர் சோ சின் ஆன், அலோர் காஜாவில் பிறந்தவர். மலாக்கா மண் ஈன்ற மிகப் பெரிய ஆட்டக்காரர் அவர்தான். ஆனால் அவர் பெயர் வாங்கியது சிலாங்கூர் சட்டையில். மலாக்காவின் நெடுநாள் சங்கடம் இந்த ஒருவரின் வாழ்க்கையிலேயே தெரிகிறது: பிள்ளையைப் பெறும் ஊர் ஒன்று, அவனை வைத்துக் கிண்ணம் தூக்கும் ஊர் வேறொன்று. வேலை, பணம், பெரிய திடல் மூன்றும் தலைநகரைச் சுற்றியே இருந்த காலத்தில் சிறு மாநிலம் எதைச் சொல்லி ஆளை நிறுத்தி வைக்கும்?

தோட்டங்களின் கதை அதற்குள் வேறு திசையில் போய்விட்டது. ஐம்பதுகளின் பிற்பாதியிலிருந்து பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறின. அதைத் தடுக்க வி. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்குவதே அதன் வழி. பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு ஆள் குறைவு. அதற்கும் பிறகு வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. லயத்துக் குடும்பங்கள் பத்து பெரெண்டாமுக்கும் செங்குக்கும் பாயா ரும்புட்டுக்கும் நகர்ந்தன. கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம். பள்ளியின் உரிமத்தையும் மாற்றிக் கொண்டுபோகலாம். திடலை யாரும் பெயர்த்துக்கொண்டு போனதில்லை. தோட்டத்து அணி கலைந்தது ஏதோ ஓர் ஆட்டத்தில் தோற்றதால் அல்ல.

சருகுமானும் ஹங் துவாவும்

மாநில அணியின் அடையாளம் தொன்மத்திலிருந்து எடுத்தது. வேட்டைக்குப் போன பரமேஸ்வரா மலாக்கா மரத்தடியில் இளைப்பாறியபோது, ஒரு வெள்ளைச் சருகுமான் அவனுடைய வேட்டை நாயை உதைத்து ஆற்றில் தள்ளியது. சின்னஞ்சிறு விலங்குக்கே இத்தனை துணிவு என்றால் நாடு அமைக்க இதுவே இடம் என்று அவன் முடிவு செய்தான். மலாக்காவின் தோற்றக் கதை இது. மாநிலச் சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன. அணியின் செல்லப்பெயரும் சருகுமான்தான். காற்பந்து அணிக்கு உதைக்கும் விலங்கைவிடப் பொருத்தமான சின்னம் உலகில் வேறெங்காவது அமைந்திருக்குமா தெரியாது.

இன்னொரு பட்டப்பெயர், மலாக்காத் தொன்ம வீரன் ஹங் துவா. தீவிர இரசிகர் குழுவின் பெயரோ ஹங் துவாவின் கிரிஸ் கத்தியான தாமிங் சாரி. ஆனால் 2004-இல் கிரூபோங்கில் திறந்த 40,000 பேர் கொள்ளும் அரங்கத்துக்கு வைத்தது ஹங் ஜெபாட்டின் பெயர். நண்பனுக்கு அநீதி இழைத்த சுல்தானை எதிர்த்துக் கலகம் செய்தவன் ஜெபாட். அவனைக் கொன்றவன் அதே நண்பன் துவா. துவாவின் பெயர் தாங்கிய அணி ஜெபாட்டின் வீட்டில் ஆடுவதை யாரோ யோசித்துத்தான் செய்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தச் சின்னங்களில் தமிழருக்கு என்ன பங்கு? நேரடியாக ஒன்றுமில்லை. 1781-இல் பொய்யாத விநாயகர் கோயிலைக் கட்டிய மலாக்கா செட்டிகளோ, மாசி மகத்தில் செங் சன்னாசிமலைக்குக் காவடி எடுப்போரோ அணியின் படிமத்தில் இடம்பெறவில்லை. அதனால் அவர்கள் அணியை விட்டு விலகி நின்றார்கள் என்று சொல்ல முடியாது. ஊர்ப் பற்றுக்குச் சின்னத்தில் தன் முகம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. குபு அரங்கில் ஆட்டம் நடந்த பழைய நாள்களில் நகரத் தமிழருக்கு அது நடந்துபோகும் தூரம். நகரத்தின் தமிழ்ப்பள்ளியும் குபுவில்தான்.

பணம் வந்த காலம்

மலேசியக் காற்பந்து 1989-இல் அரைத் தொழில்முறைக்கும் 1994-இல் முழுத் தொழில்முறைக்கும் மாறியது. மாறிய கையோடு ஆட்டச் சூதாட்ட ஊழல் வெடித்து, நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். பலர் தடை செய்யப்பட்டனர். சூப்பர் லீக் 2004-இல் வந்தது. இக்காலம் முழுவதும் மாநில அணிகள் மாநில அரசின் நிழலிலேயே வாழ்ந்தன. முதலமைச்சரே சங்கத் தலைவராக இருப்பார், அரசு சார்ந்த நிறுவனங்கள் செலவைத் தாங்கும்.

மாநில அணியான மலாக்கா யுனைடெட்டின் நல்ல காலமும் அப்படி வந்ததுதான். 2015-இல் எஃப்.ஏ.எம். லீக் பட்டம், 2016-இல் பிரீமியர் லீக் பட்டம், 2017-இல் சூப்பர் லீக் என்று இரண்டே ஆண்டில் மூன்றாம் தட்டிலிருந்து முதல் தட்டுக்கு ஏறியது. முன்னணியில் மொண்டெனேகுரோவில் பிறந்த இலியா ஸ்பாசோயெவிச். அரங்கம் நிறைந்தது.

அதே 2016-இல் இன்னோர் அணியும் ஒரு தட்டு ஏறியது. மலேசிய இந்திய விளையாட்டு மன்றமும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமும் சேர்ந்து நடத்திய மிஸ்க்-மிஃபா, எஃப்.ஏ.எம். லீக்கிலிருந்து பிரீமியர் லீக்குக்கு உயர்ந்தது. தோட்டத் திடல்களோடு அழிந்த வாய்ப்பை நாட்டளவில் மீட்கும் முயற்சியாகவே டி. மோகன் முதலானோர் அதை முன்வைத்தனர். 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதுப் பெயரோடு சூப்பர் லீக்கில் நுழைந்தது. பின்னர் க்யூ.ஐ. குழுமம் உரிமையாளர்.

சமூகத்திலிருந்து கிளைத்த கழகம் உலகில் புதிதல்ல. கிளாஸ்கோவின் செல்டிக் 1887-இல் ஐரிஷ் ஏழைக் குழந்தைகளுக்கு உணவு திரட்டத் தொடங்கியது. 1967-இல் அது ஐரோப்பியக் கிண்ணம் வென்றபோது ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். சிலி நாட்டில் பாலஸ்தீனக் குடியேறிகள் 1920-இல் நிறுவிய பாலஸ்தீனோ இன்றும் முதல் பிரிவில் ஆடுகிறது. இவற்றுக்கும் மிஃபாவுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. செல்டிக்கின் மக்கள் அரங்கத்தைச் சுற்றியே குடியிருந்தனர். மலேசிய இந்தியர் கெடாவிலிருந்து ஜொகூர் வரை சிதறிக் கிடந்தனர். அணி ஆடியதோ பெட்டாலிங் ஜெயாவில். ஜாசினிலிருந்து அங்கே போய்த் திரும்ப ஓர் இரவு வேண்டும். பெயரை மாற்றிய பிறகு, ‘நம்ம அணி’ என்று தூரத்திலிருந்து சொல்லிக்கொள்வதற்கான பிடியும் தளர்ந்தது. 2021-இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரையும் சேர்க்காமல் மலேசியரை மட்டும் வைத்து ஆடியது அந்த அணியின் துணிவான செயல். எதிரணிகளுக்கு வெளிநாட்டு முன்கள ஆட்டக்காரர்கள் இருக்க, பட்டத்துக்குப் போட்டியிடுவது அந்த வழியில் நடக்கிற காரியமல்ல என்பதும் உண்மை.

பட்டத்துக்கு என்ன வேண்டும் என்பதைக் கெசாங் ஆற்றுக்கு அப்பால் ஜொகூர் காட்டிக்கொண்டிருந்தது. ஜொகூர் அரச குடும்பத்துத் துங்கு இஸ்மாயிலின் ஜொகூர் தாருல் தக்ஸிம் (ஜே.டி.டி.) கழகம் 2014 முதல் சூப்பர் லீக்கை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. 2015-இல் ஏ.எஃப்.சி. கிண்ணத்தையும் வென்றது, எஸ். குணாளன் போன்ற தமிழ் ஆட்டக்காரர்களுக்கும் இடம் தந்தது. அங்கே தேர்தலோடு மாறாத உரிமையாளர், தவறாத சம்பளம், பயிற்சி நிலையம், 2020-இல் புது அரங்கம் எல்லாம் ஒரே கையில் இருந்தன.

மலாக்காவிலோ ஆட்சி 2018 மே மாதம் மாறியது, 2020 மார்ச்சில் மறுபடி மாறியது, 2021 நவம்பரில் மீண்டும் தேர்தல். நடுவே கோவிட் வந்து அரங்கங்களை மூடியது. மாநிலச் சங்கங்களிலிருந்து கழகங்கள் பிரிந்து தனி நிறுவனமாக வேண்டும் என்ற விதியும் அந்நேரத்தில்தான் வந்தது. சம்பளப் பாக்கி ஏறியது. 2023-க்கான உரிமம் மலாக்கா யுனைடெட்டுக்குக் கிடைக்கவில்லை. அதே நேரத்தில், 2022 இறுதியில், பெட்டாலிங் ஜெயா சிட்டியும் தானாகவே விலகிக்கொண்டது. நான்கு பருவங்கள் ஒரே லீக்கில் ஆடிய இரண்டு அணிகளும், மலாக்காத் தமிழர் ஊரால் உரிமை கொண்டாடிய ஒன்றும் இனத்தால் உரிமை கொண்டாடிய ஒன்றும், ஒரே இடைவேளையில் மறைந்தன. ஓர் அணியை மறுப்பும் மற்றதை விலகலும் கொண்டுபோயின, விளைவு ஒன்றே.

திடலில் குறைந்து, பயிற்றுநர் இருக்கையில் நிறைந்து

ஆட்டக்காரர் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் மெலிந்த காலத்திலேயே பயிற்றுநர் இருக்கையில் அவை பெருகின என்பது இந்த வரலாற்றின் விசித்திரம். 2009-இல் இருபது ஆண்டுக்குப் பிறகு சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010-இல் இந்தோனேசியாவை மொத்தம் 4-2 என வென்று நாட்டின் முதல் ஆசியான் வட்டாரக் கிண்ணத்தையும் பெற்றுத் தந்தவர் கே. ராஜகோபால். அதே 2010-இல் கிளந்தானுக்கு மலேசியக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர் 2023-இல் மறைந்த பி. சத்தியநாதன். பெட்டாலிங் ஜெயா சிட்டியின் முதல் சூப்பர் லீக் பருவத்தைத் தொடங்கி வைத்த கே. தேவன், பின்னர் நெகிரி செம்பிலானை 2021-இல் பிரீமியர் லீக் பட்டத்துக்கும், மறு ஆண்டே சூப்பர் லீக்கில் நான்காம் இடத்துக்கும் கொண்டுபோனார்.

மலாக்கா வெறுமையாக நெடுநாள் கிடக்கவில்லை. மலாக்கா எஃப்.சி. என்ற புதுக் கழகம் ஏ1 அரைத் தொழில்முறை லீக்கில் ஆடி, 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்குக்கு வந்தது. சருகுமானின் ஊர் மீண்டும் முதல் தட்டில். ஹங் ஜெபாட் அரங்கில், லயத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வாழும் பாயா ரும்புட்டுக்கு அருகிலேயே, அந்த அணியை நடத்தும் பொறுப்பு கே. தேவனிடம் வந்து சேர்ந்தது.