நான்காம் பிரிவின் கடைசி நாள்

இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருபவை மன்செஸ்டர் யுனைற்றட், லிவர்பூல், ஆர்சனல் போன்ற பெருங் கழகங்களே. ஆனால், அந்நாட்டின் உதைபந்தாட்ட வரலாற்றில் ஏற்பட்ட முக்கியமான மாற்றமொன்று உச்சியில் நிகழவில்லை, அடிமட்டத்திலேயே நிகழ்ந்தது. 1986-87 பருவகாலத்தின் நான்காம் பிரிவே அதன் களம்.

1888 இல் 12 கழகங்களுடன் ஆரம்பமான உதைபந்தாட்ட லீக்கில் பிரிவுகளுக்கிடையே ஏற்றமும் இறக்கமும் நெடுங்காலமாகவே இருந்துவந்தன. ஆனால், லீக்கின் வெளிவாசலில் காவல் நின்றது புள்ளிக் கணக்கு அல்ல, வாக்கெடுப்பு. கடைசி நான்கு இடங்களைப் பெற்ற கழகங்கள் மீள்தெரிவுக்கு விண்ணப்பிக்கும்; சக கழகங்கள் வாக்களிக்கும். இன்று உனக்கு, நாளை எனக்கு என்ற எண்ணத்தில் பழையவர்களே பெரும்பாலும் காப்பாற்றப்பட்டனர். ஹார்ட்லிபூல் கழகம் 14 தடவைகள் விண்ணப்பித்து 14 தடவைகளும் தப்பியது. வெளியே சம்பியனாகி நின்ற ஓல்ட்ரிங்ஹம் கழகமோ 1980 இல் ஒரேயொரு வாக்கினால் உள்ளே வரும் வாய்ப்பை இழந்தது. 1978 இல் சவுத்போர்ட் அகற்றப்பட்ட பின்னர் எவருமே வாக்கெடுப்பில் வெளியேற்றப்படவில்லை.

1986-87 இல் இம்முறை ஒழிக்கப்பட்டது. நான்காம் பிரிவில் கடைசியாக வரும் கழகம் வெளியேறும். கொன்பரன்ஸ் லீக்கின் சம்பியன் உள்ளே வரும். விதி அவ்வளவுதான்.

1987 மே 9. கடைசி ஆட்டங்கள் ஆரம்பமாகும்போது லிங்கன் சிற்றி 48 புள்ளிகள், டோர்கே யுனைற்றட் 47, பேர்ன்லி 46. லீக்கை 1888 இல் தோற்றுவித்த கழகங்களில் ஒன்று பேர்ன்லி. 1960 இல் இங்கிலாந்தின் சம்பியன். பழைய முறை இருந்திருந்தால் அதை வெளியேற்ற எவரும் துணிந்திருக்கமாட்டார்கள். இப்போது வென்றேயாக வேண்டும். ஓரியன்ட் அணியை 2-1 என வென்று அது தப்பியது.

டோர்கேயின் கதை விசித்திரமானது. க்ரூ அணியிடம் 2-1 எனப் பின்தங்கியிருந்த வேளையில், எல்லைக்கோட்டருகே ஓடிய அதன் வீரர் ஜிம் மக்நிக்கலை மைதானக் காவலில் நின்ற பொலிஸ் நாயொன்று கடித்துவிட்டது. சிகிச்சைக்காக ஆட்டம் தடைப்பட்டது. ஈடாக வழங்கப்பட்ட மேலதிக நிமிடங்களில் போல் டொப்சன் அடித்த கோல் ஆட்டத்தைச் சமப்படுத்தியது. ஸ்வான்சியிடம் தோற்ற லிங்கனும் 48 புள்ளிகள், டோர்கேயும் 48 புள்ளிகள். கோல் வித்தியாசம் லிங்கனைக் கடைசி இடத்திற்குத் தள்ளியது.

அது விட்டுச்சென்ற இடத்தில் ஸ்காபரோ வந்தது. வாக்குக் கேட்டு எவர் வாசலிலும் நில்லாமல், களத்தில் வென்று லீக்கினுள் நுழைந்த முதற் கழகம். 12 ஆண்டுகள் கழித்து, 1999 மே 8 இல், அதே விதி அதன்மீதும் பாய்ந்தது. தனது கடைசி ஆட்டத்தைச் சமநிலையில் முடித்துக்கொண்டு, கார்லைலின் ஆட்டம் முடியக் காத்திருந்தது ஸ்காபரோ. அங்கே மேலதிக நேரத்தில், இரவல் வாங்கப்பட்ட கோல் காப்பாளரான ஜிம்மி கிளாஸ் எதிரணியின் முனைவரை ஓடிச்சென்று கோல் அடித்தார். கார்லைல் தப்பியது, ஸ்காபரோ வெளியேறியது. 1879 இல் பிறந்த அக்கழகம் மீண்டும் லீக்கிற்குத் திரும்பாமலே, 2007 இல் கடன் சுமையால் கலைக்கப்பட்டது. லிங்கனோ 1988 இலேயே சம்பியனாகித் திரும்பிவிட்டது.

ஒரு நாயின் கடியிலும் ஒரு காப்பாளரின் உதையிலும் ஊர்களின் தலைவிதி மாறுவது நியாயமா என்று கேட்கலாம். கேள்வி தவறானதல்ல. ஆனால், வாக்கெடுப்பின் காலத்தில் விதியை எழுதியவர்கள் ஒரு மண்டபத்தினுள் இருந்தனர். வெளியே நின்றவர் எவ்வளவு வென்றாலும் கதவு திறக்குமென்ற உறுதி இல்லை. புதிய விதி கொடியதுதான். ஆயினும் அது எல்லோர் கண்முன்னாலும், எல்லோருக்கும் ஒரே அளவாக நடந்தது. லிங்கனைத் தள்ளிய கதவே லிங்கனைத் திரும்பவும் உள்ளே விட்டது. பழைய கதவால் வெளியேறியவர்களுக்கு அத்தகைய உறுதியை எவரும் அளித்ததில்லை.