வான்கோழியும் வேட்டைத் துவக்கும்

"பன்னிரண்டாம் நம்பர்த் துவக்கு" என்னும் தொடரை வன்னியிலும் மட்டக்களப்பிலும் கேட்டறியாத கமக்காரர் இலர். ஆயினும், அந்தப் பன்னிரண்டு எதன் எண்ணிக்கை என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. அது குழலின் அகலத்தை அங்குலத்தில் அளந்து சொல்லும் எண் அன்று. ஓர் இறாத்தல் ஈயத்தை ஒத்த அளவினவான பன்னிரண்டு உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலினுட் சரியாகப் பொருந்துமோ அந்தக் குழல் பன்னிரண்டாம் நம்பர்க் குழலாகும். அதே இறாத்தலை இருபதாகப் பகுத்தால் ஒவ்வோர் உருண்டையும் சிறுத்துவிடும். ஆதலால் இருபதாம் நம்பர்க் குழல் ஒடுங்கியது. எண் பெருகக் குழல் சிறுக்கும் இவ்விந்தை, ஈயத்தை நிறுத்துக் குண்டு வார்த்த பழங்காலத்தின் எச்சம். இன்று பன்னிரண்டாம் நம்பரின் உள்விட்டம் 0.729 அங்குலம் என நுட்பமாக அளக்கப்பட்டபோதிலும், பழைய இறாத்தற் கணக்கே பெயராக நின்று நிலவுகின்றது.

துவக்கின் வரலாறு முழுவதையும் ஒரு பேச்சில் அடக்குதல் இயலாது. பறவை வேட்டைக்கெனச் சமைந்த துவக்கு எவ்வாறு படிப்படியாகத் திருந்தியது, அத்திருத்தம் வட அமெரிக்கக் காடுகளில் வாழும் வான்கோழியை எந்நிலைக்குக் கொண்டுவந்தது, அப்பறவை எவ்வாறு மீண்டது என்னும் மூன்றையும் மட்டும் நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

வான்கோழி என்றவுடன், மயிலைக் கண்டு தானும் ஆட முற்பட்ட மூதுரைக் கோழியே நம் நினைவுக்கு வரும். அமெரிக்கக் காட்டு வான்கோழியோ ஏளனத்துக்கு உரிய பறவை அன்று. கூர்ந்த கண்ணும் நுண்ணிய செவியும் உடையது; சிறிதே அசைவு தென்பட்டாலும் புதருட் புகுந்து மறைந்துவிடும். மெக்சிக்கோவின் பழங்குடிகள் அதனை வீட்டுப் பறவையாக்கியிருந்தனர். ஸ்பானியர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்றனர். எங்கிருந்து வந்தது என அறியாத ஐரோப்பியர் வாய்க்கு வந்த ஊரின் பெயரையெல்லாம் அதற்குச் சூட்டினர். ஆங்கிலேயர் அதனைத் துருக்கி நாட்டுப் பெயரால் அழைத்தனர்; துருக்கியரோ இந்தியாவின் பெயரால் அழைத்தனர்; பிரெஞ்சுக்காரரும் அவ்வாறே. ஒல்லாந்தர் கள்ளிக்கோட்டையின் பெயரால் அதனைக் 'கல்கூன்' என்றனர். ஒல்லாந்தர் நம் நாட்டை விட்டுச் சென்று இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும், சிங்கள மொழியில் அப்பறவை 'களுகுமா' என வழங்குவது அச்சொல்லின் தேய்வே. அமெரிக்கப் பறவை ஒன்று கேரளத்துத் துறைமுகத்தின் பெயரைத் தாங்கி இலங்கை மொழியொன்றில் வாழ்வது, சொல் வரலாற்றில் ஈடுபாடுடையோர்க்கு நல்விருந்தாகும்.

இனித் துவக்கினை நோக்குவோம். பறவை வேட்டைக்குத் தனிக்குண்டு பயன்படாது; சிதறிப் பரவும் சிறு சன்னங்களே வேண்டும். அவை செவ்வையாக உருண்டிருத்தலும் வேண்டும். கோணலான சன்னம் நேர்வழி செல்லாது. இக்குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஈயக்குழாய் வேலை செய்துவந்த வில்லியம் வாட்ஸ் என்பவர். உருக்கிய ஈயத்தை ஓர் அரிப்பின் ஊடாக உயரத்திலிருந்து வீழ்த்தினால், மழைத்துளி போல அது காற்றிலேயே உருண்டு திரளும். கீழே தொட்டியிலுள்ள நீரில் விழுந்து இறுகும். 1782 ஆம் ஆண்டில் அவர் இம்முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வேண்டிய உயரத்தைப் பெறத் தம் வீட்டின்மீதே கோபுரம் எழுப்பினார். பின்னர் ஐரோப்பிய, அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சன்னக் கோபுரங்கள் எழுந்தன.

அடுத்த திருத்தம் ஒரு பாதிரியாருடையது. ஸ்கொத்லாந்தில் பெல்ஹெல்வி என்னும் சிற்றூரில் ஊழியம் புரிந்த அலெக்சாண்டர் போசைத், வாத்து வேட்டையில் விருப்பமுடையவர். அக்காலத்துச் சக்கிமுக்கித் துவக்கில் விசையை இழுத்தவுடன் முதலில் வெளியே ஒரு பொறி பறக்கும். கணம் கழித்தே குழலினுள் மருந்து பற்றும். பொறியைக் கண்ட பறவை, சன்னம் வந்து சேருமுன் தப்பிவிடும். அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் இரசாயனப் பொருளைக் கொண்டு மருந்தைப் பற்றவைக்கும் முறையை அவர் வகுத்து, 1807 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். உலகத்துப் படைகள் யாவும் பிற்காலத்தில் கைக்கொண்ட வெடிமுறைக்கு, வாத்து தப்பிவிடுகின்றதே என்னும் ஒரு பாதிரியாரின் கவலையே தோற்றுவாயாயிற்று. நம் நாட்டில் 'இடியன்' எனப்படும் வாய்வழி இடித்து நிரப்பும் துவக்கின் காலம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் மேனாடுகளில் முடிவுக்கு வந்தது. மருந்து, சன்னம், கேப்பு மூன்றையும் ஒரே உறையில் அடக்கிய தோட்டா பின்வழியாக ஏறலாயிற்று.

இவை அனைத்தினும் பறவை வேட்டையை மாற்றியமைத்தது, குழலின் வாயிற் செய்யப்பட்ட ஒரு சிறு நெருக்கமே. துவக்குத் தொழிலாளர் இதனைச் 'சோக்' என்பர். அதுகாறும் வேட்டைக் குழல்கள் அடிமுதல் நுனிவரை ஒரே அகலமாயிருந்தன. அத்தகைய குழலிலிருந்து புறப்படும் சன்னங்கள், 40 யார் தொலைவில் 30 அங்குல விட்டமுள்ள ஒரு வட்டத்தினுள் நூற்றுக்கு ஏறத்தாழ 40 வீதமே விழும். எஞ்சியவை வீணாகச் சிதறும். குழலின் வாயை மிகச் சிறிதளவு ஒடுக்கினால், அதே வட்டத்தினுள் நூற்றுக்கு 70 சன்னங்கள் விழுகின்றன. எவ்வளவு ஒடுக்கவேண்டும் என்பீர்களாயின், பன்னிரண்டாம் நம்பர்க் குழலில் அங்குலத்தின் ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. தேர்த்திருவிழாவுக்குச் செல்லும் சனக்கூட்டம் ஒடுங்கிய ஒழுங்கை ஒன்றினூடாக நெருங்கி வந்தால், வெளியிற் போந்த பின்னரும் சிறிது தூரம் கலையாமற் சேர்ந்தே செல்வதைக் கண்டிருப்பீர்கள். சன்னங்களின் செயலும் ஏறக்குறைய அத்தகையதே.

இதனைக் கண்டவர் யார் என்பதில் வழக்குண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்துப் பேப் என்பவர் 1866 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின் அமெரிக்கரான சில்வெஸ்டர் றோப்பர், குழல்வாயிற் பொருத்திக் கழற்றத்தக்க சோக்குக்கு உரிமை பெற்றார். இலினோய் மாநிலத்து வாத்து வேட்டைக்காரர் பிரெட் கிம்பிள், தாமே முதல்வர் எனப் பின்னாளில் உரைத்தார். என் கருத்தில், கண்டறிந்தவரைவிட ஊரறியச் செய்தவருக்கே இங்கு முதன்மை தகும். அவர் பர்மிங்காம் நகரத்துக் கிறீனர். 1875 ஆம் ஆண்டில் இலண்டனில் 'பீல்ட்' பத்திரிகை நடத்திய பகிரங்கச் சோதனையில், சோக் உடைய குழல்கள் பழைய குழல்களை ஐயத்துக்கு இடமின்றி வென்றன. அதன்பின் வாதம் அடங்கிற்று.

எனினும், நெருக்கம் எல்லாப் பறவைக்கும் நன்று என்பது தவறு. அமெரிக்காவின் தென்மாநிலங்களிற் காடை வேட்டையாடுவோன், நாய் காட்டிய புதரினின்றும் காலடியிலே கிளம்பும் சிறுபறவையைக் கணப்பொழுதில் சுடுகின்றான். அவனுக்கு விரிந்து பரவும் வீச்சே வேண்டும். இறுக்கமான சோக் பறவையைத் தவறவிடும், அன்றேல் உண்ணத்தகாதவாறு சிதைத்துவிடும். எட்டாம் இலக்கச் சன்னம் அவனுக்கு ஏற்றது. அமெரிக்க இலக்கக் கணக்கில் ஒரு சுருக்கவழி உண்டு: பதினேழிலிருந்து சன்னத்தின் இலக்கத்தைக் கழித்தால், அதன் விட்டம் அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும். எட்டாம் இலக்கம் ஒன்பது பங்கு. ஓர் அவுன்சு ஈயத்தில் அதுபோன்றவை ஏறத்தாழ 410 அடங்கும். ஆறாம் இலக்கம் பதினொரு பங்கு. அவுன்சுக்கு ஏறத்தாழ 225.

வான்கோழி வேட்டையோ முற்றிலும் வேறு. வேட்டைக்காரன் விடியுமுன் காட்டினுட் புகுந்து ஒரு மரத்தடியிற் சாய்ந்து அசையாது அமர்வான். இளவேனிற் காலத்தில் பேட்டின் குரலைப் போலி செய்து சேவலை அழைப்பான். இதற்கென மரப்பெட்டியை உரசி ஒலியெழுப்பும் கருவியொன்றுக்கு ஆர்க்கன்சோ மாநிலத்து ஹென்றி கிப்சன் 1897 ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். இருபது இறாத்தலளவு நிறையுள்ள சேவலின் உடலைத் தடித்த இறகும் நெஞ்சுத்தசையும் காக்கின்றன. உடலிற் சுட்டால் காயத்துடன் ஓடி எங்கோ மடியும். ஆதலால் தலையையும் கழுத்தையுமே குறிவைத்தல் வேண்டும். அச்சிறு இலக்கிற் பல சன்னங்கள் ஒருங்கே படவேண்டுமாயின் மிக இறுகிய சோக்கும், நான்கு முதல் ஆறு வரையான இலக்கச் சன்னமும், ஒன்றரை அவுன்சு முதல் இரண்டு அவுன்சு வரையிலான நிறையும் தேவை. ஒரே பன்னிரண்டாம் நம்பர்க் குழல், வாயிலுள்ள சிறு நெருக்கத்தாலும் தோட்டாவின் நிறைப்பாலும் காடைக்கு ஒன்றாகவும் வான்கோழிக்கு வேறாகவும் ஆகிவிடுகின்றது.

கருவி இவ்வாறு சிறக்கச் சிறக்கப் பறவைகள் குறைந்தன. 1897 ஆம் ஆண்டில் வின்செஸ்டர் கம்பனி, ஜோன் பிறவுணிங் வகுத்த கைத்தள்ளல் துவக்கை வெளியிட்டது. மூன்றே ஆண்டுகளின் பின் அவர் தானாக மறுதோட்டா ஏற்றிக்கொள்ளும் துவக்குக்கு உரிமை பெற்றார்; அது ஐந்து வெடிகளை அடுத்தடுத்துத் தீர்க்கவல்லது. புகையிரதம் பறவை இறைச்சியைத் தொலைநகரச் சந்தைகளுக்குக் கொண்டுசென்றது. விற்பனைக்காகவே சுடுவோர் ஆண்டு முழுவதும் சுட்டனர். வானத்தை மறைத்துப் பறந்ததாகக் கூறப்படும் பயணப்புறாக்களின் கடைசிப் பறவை, 1914 செப்டெம்பர் முதலாந் திகதி சின்சினாற்றி மிருகக்காட்சிச்சாலையில் இறந்தது. வான்கோழியோ அதற்கும் முன்னரே பல மாநிலங்களில் அற்றுப்போயிற்று. கனெக்டிகட்டில் 1813 ஆம் ஆண்டளவிலும், மசச்சூசெற்சில் 1851 ஆம் ஆண்டிலும் கடைசிப் பறவைகள் மறைந்தன. 1930 களில் நாடு முழுவதிலும் எஞ்சியவை முப்பதாயிரம் என்று சில கணக்குகளும், இரண்டு இலட்சம் என்று வேறு சில கணக்குகளும் கூறும்.

பழி முழுவதையும் துவக்கின்மீது சுமத்துவது வரலாற்றுக்கு முறையன்று. மேலே கூறிய இரு மாநிலங்களிலும் வான்கோழி மறைந்தபோது சோக்கும் இல்லை, பிறவுணிங்கும் இல்லை. கோடரியும் ஏருமே காட்டை அழித்தன. 1904 ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் முதலிற் காணப்பட்ட காளான் நோய், பறவைகளுக்கு உணவளித்த செஸ்நட் மரங்களைக் கோடிக்கணக்கில் மாய்த்தது. ஆயினும், குறைந்துபோன இனத்தை மேலும் குறைப்பதற்குத் திருந்திய துவக்கு பேருதவி புரிந்தது என்பதை மறுத்தல் இயலாது.

சட்டம் மெல்ல வந்தது. 1900 ஆம் ஆண்டின் லேசிச் சட்டம், களவாக வேட்டையாடிய பறவையை மாநில எல்லை கடந்து விற்பதைத் தடுத்தது. 1918 ஆம் ஆண்டில், வலசைபோகும் பறவைகளை வேட்டையாடுவோர்க்குப் பத்தாம் நம்பரிலும் பெரிய துவக்குகள் விலக்கப்பட்டன. 1935 ஆம் ஆண்டில், அப்பறவைகளைச் சுடும் துவக்கில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏறலாகாது என்று விதித்தனர். ஆகவே பிறவுணிங் அரிதின் முயன்று ஐந்தாக்கியதை ஒரு மரக்கட்டையைச் செருகி மூன்றாக்கினர். 1937 ஆம் ஆண்டிற் பிற்மன்–றொபேர்ட்சன் சட்டம் நிறைவேறியது. துவக்கு, தோட்டா ஆகியவற்றின் விற்பனையில் அறவிடப்படும் தீர்வையை மாநிலங்களின் வனவுயிர்ப் பணிக்கே ஒதுக்கியது அச்சட்டம். நீள்குழல் துவக்குகளுக்கும் தோட்டாக்களுக்கும் அத்தீர்வை இன்று நூற்றுக்கு 11 ஆகும். இலங்கையில் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் பிறந்ததும் அதே 1937 ஆம் ஆண்டிலேதான்.

பணம் இருந்தும் பறவை உடனே பெருகவில்லை. பண்ணைகளில் வளர்த்த வான்கோழிகளைக் காட்டில் விட்டனர். அவை நரிக்கும் பருந்துக்கும் இரையாயின. எதற்கு அஞ்சவேண்டும், எங்கே உறங்கவேண்டும் என்னும் பாடங்களைத் தாய்ப்பேட்டின் பின்னால் நடந்து கற்காத குஞ்சுகள் அவை. ஆசிரியத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது வியப்பளிக்காது. காட்டிற் பிறந்த பறவையையே உயிருடன் பிடித்து வேறிடங் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஆனால் அது எந்தப் பொறியிலும் எளிதில் அகப்படாது. 1951 ஆம் ஆண்டில் தென் கரோலைனாவில் வழி பிறந்தது. தூவிய தானியத்தைக் கொத்தப் பறவைகள் கூடியிருக்கையில், மறைத்துவைத்த சிறு பீரங்கிகள் வெடித்து ஒரு பெருவலையை அவற்றின்மீது வீசும். முன்னர் அப்பறவையைக் கொன்ற வெடிமருந்தே இப்போது அதனை உயிருடன் பிடித்துக் கொடுத்தது.

கைவிடப்பட்ட வயல்களில் மீண்டும் காடு வளர்ந்திருந்தமையால் வந்த பறவைகளுக்கு இடமும் இருந்தது. 1972–73 ஆம் ஆண்டுகளில் நியூயோர்க் மாநிலத்திற் பிடித்த 37 பறவைகளை மசச்சூசெற்சின் மேற்குக் குன்றுகளில் விட்டனர். இன்று அம்மாநிலத்தில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்டவை வாழ்கின்றன. பொஸ்டன் நகரின் புறத்தே புரூக்லைன் தெருக்களிற் பாதசாரிகளைத் துரத்தும் அளவுக்குத் துணிவும் பெற்றுள்ளன. அலாஸ்கா ஒழிந்த ஏனை மாநிலங்கள் யாவற்றிலும் வான்கோழி உண்டு. மொத்தத் தொகை பல இலட்சங்களாகும்.

சன்னத்தைப் பற்றிய வழக்கொன்று இன்னும் தீரவில்லை. வாத்துகள் இரையை அரைப்பதற்காகச் சிறுகற்களை விழுங்குபவை. சேற்றிற் கிடக்கும் ஈயச் சன்னத்தையும் கல்லென்றே விழுங்குகின்றன. இரைப்பையில் அரைபட்ட ஈயம் குருதியிற் கலந்து அவற்றைக் கொல்லும். 1991 ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கா முழுவதிலும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னம் விலக்கப்பட்டது. அதன் இடத்தில் வந்த உருக்குச் சன்னம் ஈயத்தினும் வன்மையானது. வெடியின் அழுத்தத்தில் நசுங்காமையால் தானாகவே நெருங்கிச் செல்லும். இறுகிய பழைய சோக்கின் வழியே அதனைச் சுட்டால் குழலுக்கே கேடு நேரலாம். ஆதலால் வாத்து வேட்டைக்காரர் கிறீனர் புகழ்ந்த நெருக்கத்தைச் சற்றே தளர்த்தவேண்டியதாயிற்று. வான்கோழி நிலப்பறவையாதலின் அவ்விதி அதற்குப் பொருந்தாது. கலிபோர்னியா மாத்திரம் 2019 ஆம் ஆண்டிலிருந்து எல்லா வேட்டைக்கும் ஈயத்தை விலக்கியுள்ளது. ஏனைய மாநிலங்கள் பலவற்றில் வான்கோழி வேட்டைக்காரன் இன்றும் ஈயச் சன்னத்தையே தோட்டாவில் இட்டு விடியற் காட்டினுட் புகுகின்றான்.